வில்லன் இல்லாத வானம்

‘சூரரைப் போற்று’ படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தியேட்டரில் இல்லை, வீட்டில். 2020 தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், நவம்பர் 12-ம் தேதி அமேசான் பிரைமில் வந்தது. எங்கள் துடியலூர் வீட்டு ஹாலில் அன்றைக்கு எட்டுப் பேர். கொரோனா காலம் என்பதால் எல்லோர் முகத்திலும் மாஸ்க் இருந்தது. அதாவது, தாடையில்.

எதிர்வீட்டுக்காரர் குடும்பத்தோடு வந்திருந்தார். சின்னதாக லேத் பட்டறை வைத்திருப்பவர். அவருடைய பையன் அமெரிக்காவில், அரிசோனாவில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தவன். காரமடைப் பக்கம் இருந்த ஒரு சைட்டை விற்றுத்தான் அனுப்பினார்கள். திரும்பி வந்த நேரம் பார்த்து, உலகத்தில் பாதி விமானங்கள் தரையில் நின்றன. பையன் காலையில் பட்டறையில் அப்பாவுக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான்.

படத்தில் அந்தத் தாம்பரம் காட்சி ஞாபகம் இருக்கிறதா? சென்னையில் இறங்க அனுமதி இல்லை. எரிபொருள் குறைந்துகொண்டே வருகிறது. பக்கத்தில் இருக்கிற விமானப்படைத் தளத்தில் இறக்கிவிடச் சொல்கிறார் சூர்யா. அங்கேயும் கூடாது என்கிறார்கள். எங்கள் ஹாலில் ஒருத்தரும் முறுக்கைக் கடிக்கவில்லை. விமானம் இறங்கியதும் எதிர்வீட்டுக்காரர் எழுந்து நின்றே கை தட்டினார்.

படம் முடிந்ததும் பையனிடம் கேட்டேன். “எப்படிப்பா இருந்தது? உன் தொழில் சமாச்சாரமாச்சே!”

“சூப்பருங்ணா. ஆனா அவருக்கு ஒரு வில்லன் இருந்தான். பேரு இருக்குது, மூஞ்சி இருக்குது. போய்ச் சண்டை போட்டாரு. எனக்கு யாருங்ணா வில்லன்?”

அந்தப் படத்தைப் பற்றி எத்தனையோ விமர்சனங்கள் படித்துவிட்டேன். இந்த ஒரு கேள்விக்குப் பக்கத்தில் எதுவும் வரவில்லை.

*

முதலில் படத்துக்குச் சேரவேண்டிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். நல்ல படம். சிறந்த படம், நடிகர், நடிகை, திரைக்கதை, பின்னணி இசை என்று ஐந்து தேசிய விருதுகள் சும்மா வரவில்லை. சாகக் கிடக்கும் அப்பாவைப் பார்க்க ஊருக்குப் போக டிக்கெட்டுக்குப் பணம் போதாமல், விமான நிலையத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் சூர்யா கையேந்துகிற இடம் இருக்கிறதே... அதை இரண்டாம் தடவை பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஊர்வசி, அபர்ணா பாலமுரளி இரண்டு பேரும் நடிக்கிற மாதிரியே தெரியவில்லை.

கதை, ஏர் டெக்கான் ஆரம்பித்த கேப்டன் கோபிநாத்தின் ‘சிம்ப்ளி ஃப்ளை’ புத்தகத்திலிருந்து எடுத்தது. நிறையக் கற்பனை கலந்திருக்கிறது, ஆனாலும் சாரத்தைப் பிடித்துவிட்டார்கள் என்கிற அர்த்தத்தில் கோபிநாத்தே பாராட்டினார்.

இன்னொரு வேடிக்கை. படம் அக்டோபர் 30-ம் தேதியே வரவேண்டியது. விமானப்படை சம்பந்தப்பட்ட காட்சிகள் இருந்ததால் தடையில்லாச் சான்றிதழ் வந்துசேரத் தாமதம். அதை விளக்கி சூர்யா ரசிகர்களுக்குக் கடிதமே எழுதினார். அனுமதிக்காகக் காத்துக்கிடக்கிற ஒரு மனிதனைப் பற்றிய படம், அனுமதிக்காகக் காத்துக்கிடந்தது. அந்தத் தாமதத்துக்குப் பின்னால் எந்தப் பரேஷ் கோஸ்வாமியும் இல்லை. ஒரு ஃபைல், ஒரு மேஜை, அப்புறம் இன்னொரு மேஜை. அவ்வளவுதான்.

படத்தில் எனக்கிருக்கும் சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

*

நெடுமாறன் ராஜாங்கத்துக்கு வருகிற தடைகளில் பெரும்பாலானவற்றின் நுனியைப் பிடித்து இழுத்தால், மறுமுனையில் போட்டி விமானக் கம்பெனி முதலாளி பரேஷ் கோஸ்வாமி உட்கார்ந்திருக்கிறார். கையில் சானிடைசரோடு. சுதா கொங்கராவின் முந்தைய படமான ‘இறுதிச்சுற்று’ம் இதே வார்ப்புதான். அதில் குத்துச்சண்டை சங்கத்தில் ஒரு கெட்டவர். அவர் தோற்றால் நாம் ஜெயித்த மாதிரி.

திரைக்கதைக்கு இது வசதி. வில்லனுக்கு மூஞ்சி இருந்தால் ஹீரோவுக்கு ஓங்குவதற்குக் கை இருக்கும். ஆனால், நிஜத்தில் என்ன நடந்தது? 2003-ல் ஏர் டெக்கான் அறிமுக விமானம் ஒன்று வெங்கையா நாயுடு உள்ளிட்ட பிரமுகர்களோடு ஐதராபாத்திலிருந்து விஜயவாடாவுக்குக் கிளம்பியது. கிளம்புகிற நேரத்தில் எஞ்சினில் தீ! அந்தத் தீக்கு வில்லன் யாரும் கிடையாது. ஒரு ரூபாய்க்கு டிக்கெட் விற்ற கம்பெனியின் கதை, 2007-ல் விஜய் மல்லையா பங்கு வாங்கியதோடு வேறு திசையில் திரும்பி, 2008-ல் கிங்ஃபிஷரோடு கரைந்து, அந்தக் கிங்ஃபிஷரும் 2012-ல் தரை தட்டியதோடு முடிந்தது. பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதில் வில்லனைத் தேடினால் லாப நஷ்டக் கணக்கில்தான் தேட வேண்டும்.

சரி, தாம்பரம் காட்சிக்கு வருவோம். ‘இறங்க அனுமதி இல்லை’ என்று சொல்கிற உரிமை யாருடையது? அது எங்கிருந்து வந்தது?

கோவை ஜில்லாவில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்கள் டைமிங்குக்குச் சண்டை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ‘என் டைம் 9.12, நீ 9.14 வரைக்கும் நின்னா என் கலெக்‌ஷன் என்னாகறது?’ டைம் கீப்பர் விசில் ஊதிக்கொண்டே இருப்பார். பெரிய விமான நிலையத்தைச் சுற்றியுள்ள வானமும் இப்படித்தான். கோடு போட்டு, உயரம் பிரித்து, கன்ட்ரோலர் கையில் கொடுத்திருக்கிறார்கள். அவர் சொல்லாமல் யாரும் உள்ளே வரக்கூடாது. இருநூறு பேரோடு வருகிற ஜெட்டுகள் அங்கே ரூட் பஸ். இரண்டு பேர், நான்கு பேர் உட்காருகிற சின்ன விமானத்தை ஓட்டிக்கொண்டு வருகிற தனியார் விமானி, டி.வி.எஸ். ஃபிஃப்டியில் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைகிற ஆள்.

அவரை உள்ளே விடலாமா, கூடாதா? இதற்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது. 1944-ல் சிகாகோவில் கூடி எழுதிய உடன்படிக்கையின் முதல் ஷரத்தே, தன் தலைக்கு மேலிருக்கும் வானம் முழுக்க அந்தந்த நாட்டுக்கே சொந்தம் என்பதுதான். பொது விதிகள் உண்டு. அதோடு ‘எங்கள் ஊரில் இது மட்டும் வேறு மாதிரி’ என்று எழுதிக் கொடுக்கவும் வழி உண்டு. பலரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

எதிர்வீட்டுப் பையன் சொன்னதைக் கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். லைசென்ஸ் வாங்கிய பிறகு அவனும் நண்பனும் ஒரு செஸ்னாவை வாடகைக்கு எடுத்துக்கொண்டு லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் போயிருக்கிறார்கள். உலகத்தின் நெரிசலான விமான நிலையங்களில் ஒன்று அது. அதன் நேர் மேலே, சின்ன விமானங்களுக்கென்றே ஒரு பாதை விட்டிருக்கிறார்கள். தென்கிழக்கே போனால் 3,500 அடி, வடமேற்கே போனால் 4,500 அடி. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு, குறித்த அலைவரிசையில் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று மற்ற விமானிகளுக்குச் சொல்லிக்கொண்டே போகலாம். கன்ட்ரோலரிடம் அனுமதிகூட வேண்டாம்!

“கீழ ஜம்போ இறங்குதுங்ணா. நாங்க மேல ரெண்டு பேரு, செஸ்னாவுல. எனக்குக் கை நடுங்கிருச்சு.”

பயம் எதற்கு? ஜெட்டுகள் கடலைப் பார்த்துக் கிழக்கு மேற்காக ஏறி இறங்குகின்றன. ஓடுதளத்துக்கு நேர் மேலே அந்த உயரத்தில் அவற்றுக்கு வேலையே இல்லை. யாரும் பயன்படுத்தாத ஒரு துண்டு வானத்தை, யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கண்டுபிடித்து, சின்னவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

*

‘அமெரிக்காக்காரன் எல்லாவற்றிலும் உசத்தி’ என்று பாடப்போகிறேன் என நினைக்காதீர்கள். இந்தத் தாராளத்துக்கு அவர்கள் கொடுத்த விலை கொஞ்சநஞ்சம் இல்லை.

1986 ஆகஸ்ட் 31. அதே லாஸ் ஏஞ்சலீஸ் அருகே செரிட்டோஸ் என்கிற இடம். ஒரு சின்ன பைப்பர் விமானம் அனுமதியில்லாமல் கட்டுப்பாட்டு வானத்துக்குள் நுழைந்து, ஏரோமெக்ஸிகோ ஜெட் மீது மோதியது. கீழே வீடுகளில் இருந்த 15 பேரையும் சேர்த்து 82 பேர் செத்தார்கள். பைப்பரில் தன் உயரத்தைச் சொல்லும் கருவி இல்லை. நம்மூராக இருந்தால் மறுநாளே என்ன உத்தரவு வரும்? அங்கேயும் வந்தது. மறுவருஷம் லாஸ் ஏஞ்சலீஸுக்கு மேலிருந்த சின்ன விமானப் பாதையை மூடினார்கள். விமானிகள் சங்கங்கள் விடவில்லை, சண்டை பிடித்தார்கள். கடைசியில், விதிகளை இறுக்கித் திரும்பத் திறந்தார்கள். பெரிய விமான நிலையங்களைச் சுற்றி உயரம் சொல்லும் கருவி கட்டாயம். பயணிகள் விமானங்களில் மோதல் எச்சரிக்கைக் கருவி கட்டாயம். மாட்டை ஊருக்குள் விடாதே என்று சொல்லவில்லை. கழுத்தில் மணி கட்டி விடு என்றார்கள்.

2009-ல் நியூயார்க்கின் ஹட்சன் நதிக்கு மேலே ஒரு சின்ன விமானமும் ஹெலிகாப்டரும் மோதி 9 பேர் இறந்தபோதும் இதேதான். பாதையை மூடாமல், உயரம் பிரித்து, வேகத்துக்கு வரம்பு வைத்தார்கள். 2025 ஜனவரியில் வாஷிங்டனில் ராணுவ ஹெலிகாப்டரும் பயணிகள் விமானமும் மோதி 67 பேர் போனார்கள். அப்போது அந்த ஹெலிகாப்டர் பாதையையே எடுத்துவிட்டார்கள். மூட வேண்டியதை மூடத்தான் வேண்டும். எதை மூடினோம், ஏன் மூடினோம் என்று பொதுவில் சொல்லியாக வேண்டும். அங்கே அது நடக்கிறது.

இப்போது நம்மூர். ஒரு தேதியைக் கவனியுங்கள். 1996 நவம்பர் 12. ‘சூரரைப் போற்று’ வெளியான அதே நவம்பர் 12, இருபத்துநான்கு வருஷம் முன்னால். டெல்லிக்குப் பக்கத்தில் சர்க்கி தாத்ரியில், கிளம்பிப்போன சவுதி ஜம்போவும் இறங்க வந்த கஜகஸ்தான் விமானமும் நேருக்கு நேர் மோதின. 349 பேர். நடுவானில் இரண்டு விமானங்கள் மோதி இத்தனை பேர் இறந்தது உலகத்தில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

சொன்ன உயரத்துக்குக் கீழே கஜகஸ்தான் விமானம் இறங்கியதுதான் நேரடிக் காரணம். ஆனால், போகிற விமானமும் வருகிற விமானமும் ஏன் ஒரே வழியில் எதிரும் புதிருமாக வந்தன? அன்றைக்கு டெல்லியில் பயணிகள் விமானங்களுக்கு இருந்தது ஒரே ஒரு நடைபாதை. மிச்ச வானம் விமானப்படையிடம். விபத்துக்குப் பிறகுதான் போக, வரத் தனித்தனி வழி பிரித்தார்கள். எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கினார்கள். வானத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது பணக்காரர்களின் பொழுதுபோக்குப் பிரச்னை என்று யாராவது சொன்னால், இந்த 349-ஐ ஞாபகப்படுத்துங்கள்.

இன்னொரு கணக்கு. 2020 மே 16-ம் தேதி, கொரோனா நிவாரண அறிவிப்புகளுக்கு நடுவே நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சொன்னார்: இந்திய வானத்தில் 60 சதவிகிதம்தான் பயணிகள் விமானங்களுக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. கட்டுப்பாடுகளைத் தளர்த்தினால் வருஷத்துக்கு ஆயிரம் கோடி ரூபாய் மிச்சம். அரசாங்கமே சொன்ன கணக்கு இது. பெரிய கம்பெனிகளுக்கே பாக்கி வைத்திருக்கிற வானத்தில், சின்ன செஸ்னாக்காரனுக்கு என்ன இடம் இருக்கும்?

கோவையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பீளமேட்டில் ஓர் ஓடுதளம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், சூலூரில் விமானப்படையின் ஓடுதளம். 2018-ல் தேஜஸ் போர் விமானங்கள் வந்து இறங்கிய இடம். சின்ன விமானத்தில் கிளம்புகிறவர் பயணத் திட்டம் கொடுக்கவேண்டும். விமானத் தகவல் மையத்தில் ஓர் எண் வாங்கவேண்டும். வான் பாதுகாப்பு அனுமதி எண் இன்னொன்று. அப்புறம்தான் எஞ்சின். அனுமதி கேட்பதில் தப்பில்லை. 1995 டிசம்பரில் மேற்கு வங்காளம் புருலியாவில், எங்கிருந்தோ வந்த ஒரு விமானம் ராத்திரியோடு ராத்திரியாகத் துப்பாக்கிகளைக் கொட்டிவிட்டுப் போனதே, அந்த மாதிரி ஒன்றைப் பார்த்த நாடு பயப்படத்தான் செய்யும். மும்பையில் 2024 பிப்ரவரியில் நெரிசல் நேர விமானங்களை மணிக்கு 46-லிருந்து 44 ஆகக் குறைத்தார்கள். தனியார் ஜெட்டுகளின் நேரத்தையும் சுருக்கினார்கள். பயணிகள் வானத்தில் வட்டமடித்துக்கொண்டிருக்கும்போது ஜெட் முதலாளியைக் காக்கவைப்பது நியாயம்தான்.

என் வருத்தம் வேறு. அங்கே கேள்வி ‘இவனை ஏன் தடுக்கவேண்டும்?’ என்பதில் ஆரம்பிக்கிறது. இங்கே ‘இவன் ஏன் பறக்கவேண்டும்?’ என்பதில். முதல் கேள்விக்கு அதிகாரி பதில் சொல்லவேண்டும். இரண்டாவதற்கு நாம் சொல்லவேண்டும். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிடுவோம்.

அரிசோனா லைசென்ஸோடு வந்த பையன் இங்கே விதிமுறைத் தேர்வை மறுபடி எழுதினான். நாட்டுக்கு நாடு விதி வேறு, அது நியாயம். ரேடியோவில் பேசுவதற்கு லைசென்ஸ் தனி. விமானம் ஓட்ட ஒரு துறை, விமானத்தில் பேசத் தொலைத்தொடர்புத் துறை என்று பல வருஷமாக இரண்டு வாசல். 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய விமானச் சட்டம்தான் இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. 1934-ம் வருஷச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம் அது. அத்தனை வருஷமும் அந்த இரண்டாவது வாசலில் காத்திருந்தவர்களை எந்த வில்லனும் சதி செய்து நிறுத்தவில்லை. நிறுத்திய யாருக்கும் அவர்கள்மேல் கோபமும் இல்லை. அதுதான் கஷ்டமே.

*

இதை ஏன் ஒரு சினிமாவின் தலையில் கட்டுகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். இரண்டரை மணி நேரத்தில் சுதா கொங்கரா சிகாகோ உடன்படிக்கையா எடுக்கமுடியும்?

வேண்டாம். ஆனால், தாம்பரம் காட்சியில் இன்னொரு வாய்ப்பு இருந்தது. கன்ட்ரோல் டவரில் உட்கார்ந்திருக்கிற ஒரு நல்ல மனிதர். லஞ்சம் வாங்காதவர். வீட்டில் குழந்தை குட்டி உள்ளவர். அவருக்கும் அந்த விமானம் பத்திரமாக இறங்கவேண்டும் என்று ஆசை. கையில் விதிப்புத்தகம். அதில் ‘இல்லை’ என்று போட்டிருக்கிறது. அவர் என்ன செய்வார்? அவருக்கு எதிராக மாறா எப்படிச் சண்டை போடுவார்? அந்தக் காட்சியை எடுத்திருந்தால் எங்கள் ஹாலில் கைதட்டல் கொஞ்சம் குறைந்திருக்கும். வீட்டுக்குப் போன பிறகு தூக்கமும் கொஞ்சம் குறைந்திருக்கும்.

பரேஷ் கோஸ்வாமி தோற்றவுடன் நமக்கு மனசு ஆறிவிடுகிறது. டி.வி.யை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறோம். விதிப்புத்தகம் அதே மேஜையில் அப்படியே கிடக்கிறது. நல்ல படம் செய்த நல்ல காரியங்களோடு இந்தச் சின்னத் தப்பையும் செய்திருக்கிறது. கோபப்படவேண்டிய இடத்தை மாற்றிக் காட்டிவிட்டது.

எதிர்வீட்டுப் பையன் இப்போது ஒரு விமானக் கம்பெனியில் கோ-பைலட். சந்தோஷம். அப்பா சைட் விற்ற காசுக்கு வழி பிறந்தது. ஆனால், அரிசோனாவிலிருந்து ஃபோனில் அவன் அப்பாவுக்கு ஒரு வாக்கு கொடுத்திருந்தான். ‘ஊருக்கு வந்து ஒரு சின்ன பிளேன்ல உன்னைய உக்கார வெச்சு, துடியலூரச் சுத்திக் காட்டறேன்.’ கோவையில் மணி வாடகைக்கு ஒரு செஸ்னா எடுப்பது கார் எடுக்கிற மாதிரி நடக்கிற காரியமா? இன்னும் நடக்கவில்லை.

போன மாதம் எதிர்வீட்டுக்காரர் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னைக்கு விமானத்தில் போய்வந்தார். முதல் தடவை. எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“ஜன்னல் சீட்டுதானுங்க கேட்டு வாங்குனது. நம்ம மேட்டுப்பாளையம் ரோட்டையாவது, ரயில் தண்டவாளத்தையாவது பாத்தர்லாம்னு கண்ணாடியில மூஞ்சிய ஒட்ட வெச்சுட்டே உக்காந்திருந்தேன். மேல போனதும் எல்லாம் ஒண்ணு போலத்தானுங்க இருக்குது. என்ற பட்டறை எங்க கெடக்குதுன்னே தெரியல. பையன் கூட இருந்திருந்தா காட்டியிருப்பானுங்க.”